முட்டை அவிக்கும் கல்வி

கல்வி என்பது ஏட்டிலும் எழுதுகோலிலும் மட்டுமே அடங்கிக் கிடப்பதாக எண்ணுவோர் நம்முள் மிகப் பலர். ஒரு சிறுவன் வாய்ப்பாட்டைத் தடையின்றி ஒப்பித்தால் பெற்றோர் மகிழ்கின்றனர். பத்துக் குறளைப் பிழையறச் சொன்னால் அண்டை வீட்டாரை அழைத்துக் கேட்கச் செய்கின்றனர். அதே சிறுவனை நோக்கி, "ஒரு கோழிமுட்டையைக் கை சுடாமல் அவித்துக் கொண்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். அவன் விழிப்பான். அவன் விழிப்பதைக் கண்டு எவரும் வருந்துவதில்லை. "ஆண்பிள்ளைக்கு அடுப்பங்கரையில் என்ன வேலை?" என்று நகைத்து விடுகின்றனர். அவனினும் இரண்டாண்டு இளையவளான அவன் தங்கையோ, ஒருவரும் முறையாகக் கற்பியாமலே அடுப்பண்டை நிறுத்தப்படுகின்றாள். அவளுக்குப் பாடமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

ஒருவனுக்கு வேண்டிய அறிவு மறுக்கப்படுகின்றது. மற்றொருத்திக்கு அறிவைத் தராமலே வேலை சுமத்தப்படுகின்றது. இவ்விரண்டும் ஒரே வேரில் முளைத்த குற்றங்களே. இக்குற்றம் தமிழர்க்கு மட்டும் உரியதுமன்று. உலகின் பெருநாடுகள் சிலவும் இதிற் கிடந்து உழன்று, ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தவறியும் திருந்தியும் வந்திருக்கின்றன. அவ்வரலாற்றை அறிந்தால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அடுப்பறிவை எவ்வாறு ஊட்டுவது என்பது விளங்கும்.

முட்டையை ஏன் எடுத்துக் கொண்டோம் என வினவலாம். முட்டை எளிய பொருள். ஏழை வீட்டிலும் கிடைப்பது. அதை அவிக்க ஒரு பாத்திரம், சிறிது நீர், தீ, கடிகாரம் ஆகிய நான்கும் போதும். சூட்டினால் ஒரு பொருள் எவ்வாறு மாறுகின்றது என்பதைக் குழந்தை தன் கண்ணாலேயே காணலாம். ஆனால் அவ்வெளிய வேலையிலும் தீயுண்டு, கொதிநீருண்டு, கண்ணுக்குத் தோன்றாத கிருமியுமுண்டு. ஆகவே சமையற் கல்வியின் முதற் பாடம் முட்டையே எனல் தகும்.

தென் கென்சிங்டனில் தோன்றிய பள்ளி

இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தால் ஏழைப் பிள்ளைகளுக்கென ஊர்தோறும் பள்ளிகள் பெருகின. அப்போது எழுந்த கேள்விகளுள் ஒன்று, பெண்பிள்ளைகளுக்கு என்ன கற்பிப்பது என்பது. 1873இல் லண்டன் தென் கென்சிங்டனில் நடைபெற்ற பொருட்காட்சியில், பக்மாஸ்டர் என்பார் மக்கள் முன்னிலையிலே அடுப்பேற்றிச் சமைத்துக் காட்டி விரிவுரைகள் நிகழ்த்தினார். திரளான மக்கள் சென்று கண்டனர். அதன் பயனாக 1874இல் அவ்விடத்திலேயே தேசியச் சமையற் பயிற்சிப் பள்ளி நிறுவப்பெற்றது. அதன் முதல் தலைவியாக அமர்ந்தவர் லேடி பார்க்கர் என்னும் எழுத்தாளர். ஜமைக்காவிற் பிறந்து, நியூசிலாந்தில் ஆட்டுப்பண்ணையில் வாழ்ந்து, அவ்வாழ்வைப் பற்றி நூல் எழுதிப் புகழ் பெற்றவர் அவர். சமையலின் முதற் கொள்கைகளைப் பற்றியும் அவ்வாண்டிலேயே ஒரு சிறு நூல் வெளியிட்டார்.

அப்பள்ளியின் நோக்கம் சமையற்காரரை உண்டாக்குவதன்று. ஏனைய பள்ளிகளுக்குச் சென்று கற்பிக்கும் ஆசிரியைகளை உண்டாக்குவது. வடக்கே லிவர்ப்பூல் நகரில் ஃபானி கால்டர் என்னும் அம்மையார் 1875இல் இதுபோன்ற பள்ளி ஒன்றைத் தொடங்கினார். சர்க்கார் இப்பாடத்துக்குப் பொருளுதவி செய்தல் வேண்டுமென்று அவர் ஓயாது வாதாடினார். 1882இல் சர்க்கார் இணங்கியது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளை ஒருத்தி, ஓராண்டில் 40 மணி நேரம் சமையல் வகுப்பிற் பயின்றால், அவள் பொருட்டுப் பள்ளிக்கு 4 ஷில்லிங் மானியம் கிடைக்கும் என்று விதி பிறந்தது. அதன்பின் இங்கிலாந்தின் நகரங்களிற் சமையற் பயிற்சிக் கூடங்கள் விரைந்து பெருகின.

இதனால் விளைந்த நன்மையை மறுத்தல் நேர்மையன்று. அடுப்பறிவு என்பது பாட்டியிடமிருந்து பேத்திக்குக் கேள்வியாக வரும் வழக்கம் மட்டுமன்று, அளவும் காரணமும் உடைய கலை என்பதை அப்பள்ளிகள் நாட்டின. எவ்வளவு நீர், எவ்வளவு நேரம், எதற்காக என்னும் வினாக்கள் சமையலறைக்குள் நுழைந்தன. கரும்பலகை அடுப்பருகே வந்தது.

ஆயினும் அவ்விதியில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். மானியம் பெண்பிள்ளைக்கு மட்டுமே உரியது. ஆண்பிள்ளைக்கு வயிறு உண்டு, உணவும் வேண்டும், ஆனால் அதை ஆக்கும் அறிவு அவனுக்கு வேண்டுவதில்லை என்று சர்க்காரே எழுதி வைத்தது போலாயிற்று. தையலும் சமையலும் பெண்பிள்ளைகளின் பள்ளி நேரத்தை விழுங்கின. அவர்களுடைய தம்பியரும் தமையன்மாரும் அந்நேரத்தில் வேறு பாடங்களைப் படித்துக் கொண்டிருந்தனர். நல்ல கல்வி ஒன்று, ஒரு பாலார்க்கு மட்டும் என்று வகுக்கப்பட்டமையால், அதுவே பெண்மக்களின் அறிவுக்குக் கட்டிய வேலியாயிற்று.

ஒரே பானை உள்ள வீடு

தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை போயர்களோடு நிகழ்ந்த போரின்போது, படையிற் சேர வந்த இளைஞருட் பலர் உடல் நலிந்தவராய் இருந்ததைக் கண்டு இங்கிலாந்து திடுக்கிட்டது. இதை ஆராய அமர்ந்த குழு 1904இல் அறிக்கை வெளியிட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளித்தல் வேண்டும் என்று அது கூறியது. 1906இல் அதற்கென ஒரு சட்டமும் இயற்றப்பெற்றது. ஆனால் அதே காலத்தில் மற்றொரு பேச்சும் ஓங்கி ஒலித்தது. ஏழைத் தாய்மார்க்குச் சமைக்கத் தெரியவில்லை, அறியாமையாலேயே பிள்ளைகள் நலிகின்றனர் என்பதே அப்பேச்சு. செல்வர் வீட்டுப் பெண்மணிகள் பலர் இதை நம்பினர். கஞ்சி காய்ச்சக் கற்பித்தால் வறுமை தீர்ந்துவிடும் என்று எண்ணினர்.

இவ்வெண்ணத்தின் பொய்ம்மையை வெளிப்படுத்தியவர் மாட் பெம்பர் ரீவ்ஸ் என்னும் அம்மையார். அவரும் ஃபேபியன் மாதர் குழுவினரும் 1909 முதல் சில ஆண்டுகள் லண்டன் லாம்பெத் பகுதியில் வீடு வீடாகச் சென்றனர். வாரம் ஏறக்குறைய ஒரு பவுன் வருவாயில் வாழ்ந்த குடும்பங்களின் வரவு செலவை அத்தாய்மார்களையே எழுதச் செய்தனர். அவற்றைத் தொகுத்து 1913இல் அம்மையார் நூலாக வெளியிட்டார்.

அந்நூல் காட்டிய உண்மை யாது? அத்தாய்மார் அறிவிலிகள் அல்லர். கையில் இருந்த சில்லறையை அவர்களினும் திறமையாக எவரும் செலவிட்டிருக்க இயலாது. பல வீடுகளில் நல்ல அடுப்பு இல்லை; எரிபொருளுக்குக் காசு இல்லை; பாத்திரங்களோ ஒன்றிரண்டே. கஞ்சியை நெடுநேரம் கிண்டிக்கொண்டு நிற்க அவர்களுக்கு நேரமில்லை. நிற்காவிடிற் கஞ்சி அடிப்பிடிக்கும். அடிப்பிடித்த அதே பானையிலேதான் மற்றவற்றையும் சமைத்தல் வேண்டும். இந்நிலையில் இருப்போர்க்குப் பானையும் கூலியும் தராமல் பாடம் மட்டும் தருதல், பசித்தவனுக்கு உண்ணும் முறையை விளக்குவதற்கு ஒப்பாகும்.

அடுப்பறிவைக் கற்பிக்க முனையும் எவரும் இதை மறத்தலாகாது. கற்பவரிடம் என்ன இருக்கின்றது என்று முதலிற் பார்த்தல் வேண்டும். அவர் வீட்டில் இல்லாத கருவியைக் கொண்டு கற்பித்தால் அது அவர் வீட்டுக்குச் செல்லாது. முட்டைப் பாடத்தின் சிறப்பும் இதுவே. ஒரே பாத்திரம் உள்ள வீட்டிலும் அதை நடத்தலாம்.

தீயும் சட்டமும்

இனித் தீயைப் பற்றிச் சிறிது காண்போம். குளிர்நாடாகிய இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு திறந்த கணப்பு எரிந்தது. சமையலும் பெரும்பாலும் அதனையொட்டியே நடந்தது. குழந்தைகளின் மெல்லிய பருத்தி உடையிற் பொறி பட்டு உயிரிழந்தோர் பலர். அத்துயர்களைக் கண்டவர்கள், "குழந்தையின் குறும்பு", "விதியின் செயல்" என்று சொல்லிக் காலங்கழித்தனர்.

1908ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் அப்பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தகுந்த தடுப்பில்லாத கணப்புள்ள அறையில் விட்டு, அதனால் அக்குழந்தை இறக்கவோ கடுங்காயமுறவோ நேர்ந்தால், அதனைக் காக்கும் பொறுப்புடையவர் தண்டம் செலுத்துதல் வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. 1952இல் இயற்றப்பெற்ற மற்றொரு சட்டம், விற்பனைக்கு வரும் கணப்புக் கருவிகளிலேயே தடுப்பு பொருத்தியிருத்தல் வேண்டும் என்றது. 1964இல் குழந்தைகளின் இரவு உடைகள் எளிதில் தீப்பற்றாத துணியால் ஆகியிருத்தல் வேண்டும் என்ற விதியும் வந்தது.

இம்மூன்றையும் வரிசையாக நோக்குங்கள். முதலிற் பெற்றோர், அடுத்துக் கருவி செய்வோர், பின்னர் உடை செய்வோர் என்று பொறுப்பு பெரியவர்கள்மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றப்பட்டது. குழந்தையை நோக்கி, "நீ எச்சரிக்கையாக இரு" என்று சொல்வதோடு எந்தச் சட்டமும் நிற்கவில்லை. எச்சரிக்கையைக் கற்பித்தல் ஒன்று. இடத்தைப் பாதுகாப்பாக்குதல் மற்றொன்று. இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டாவது முழுவதும் பெரியோரின் கடமை.

இவ்வுண்மையைத் தமிழ்நாடு ஆறாத துயரின் வாயிலாக அறிந்தது. 2004 ஜூலை 16ஆம் நாள், கும்பகோணத்திற் பள்ளி ஒன்றில் மதிய உணவு ஆக்கும் அடுப்பிலிருந்து எழுந்த தீ கூரைக்குப் பரவி, 94 குழந்தைகளைப் பலிகொண்டது. கூரையோ கீற்றால் வேய்ந்தது. அக்குழந்தைகள் அடுப்பைத் தொட்டவரல்லர். பாடம் கேட்டுக் கொண்டிருந்தவர். அடுப்பை எங்கே வைப்பது, அதன்மேல் எத்தகைய கூரை இருப்பது, ஆபத்து வந்தால் எவ்வழியாக வெளியேறுவது என்பவற்றைப் பெரியவர்கள் எண்ணிப் பாராத இடத்திற் குழந்தைகளின் எச்சரிக்கை என்ன செய்யும்? ஆகவே, பிள்ளைக்குச் சமையல் கற்பிக்க நினைப்பவர் பிள்ளையைத் திருத்துமுன் அடுப்படியைத் திருத்துதல் முறை.

ஓட்டுக்குள் இருந்த பகை

தீ கண்ணுக்குத் தெரியும் பகை. முட்டையில் கண்ணுக்குத் தெரியாத பகையும் ஒன்றுண்டு. 1888இல் ஜெர்மனியிற் கெட்ட இறைச்சி உண்டு பலர் நோயுற்றபோது, கெர்ட்னர் என்னும் அறிஞர் அந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்தார். இன்று சால்மொனெல்லா என்று வழங்கும் இனத்தைச் சேர்ந்தது அது. ஓடு அழுக்காகவோ வெடித்தோ இருந்தால் இவ்வினக் கிருமி முட்டைக்குள் புகும் என்பதே நெடுங்காலம் மக்கள் கொண்ட எண்ணம். ஓட்டைத் துடைத்துவிட்டால் அச்சமில்லை என்று இருந்தனர்.

சரியாக நூறாண்டுக்குப் பின், 1988 டிசம்பரில், இங்கிலாந்தின் சுகாதாரத் துறையில் துணை மந்திரியாயிருந்த எட்வினா கர்ரி, நாட்டின் முட்டை உற்பத்தியிற் பெரும்பகுதி இக்கிருமியாற் பீடிக்கப்பட்டுள்ளது என்று வெளிப்படையாகக் கூறினார். முட்டை வாணிகம் சரிந்தது. பண்ணைக்காரர் கொதித்தெழுந்தனர். இரண்டு வாரத்திற்குள் அவர் பதவியை விட்டு விலகினார். அவர் சொல் அளவில் மிகையானது என்பது பலர் கருத்து. எனினும் அதன் அடியில் ஓர் உண்மை இருந்தது. நோயுற்ற கோழியின் உடலிலேயே கிருமி தங்கி, ஓடு உருவாவதற்கு முன்னரே முட்டைக்குள் புகுந்துவிடும் என்பதே அது. அழுக்கற்ற, வெடிப்பற்ற முட்டையிலும் அது மறைந்திருக்கலாம்.

அதன்பின் நிகழ்ந்தது நமக்குப் பாடமாவது. உண்மையை மூடி மறைப்பதால் நோய் நீங்காது என்று உணர்ந்து, 1998 முதற் கோழிகளுக்குத் தடுப்பூசி இட்டு, அத்தகைய முட்டைகளுக்குச் சிங்க முத்திரை பொறிக்கும் ஏற்பாடு செய்தனர். நோய் பெரிதும் தணிந்தது. 2017இல், அம்முத்திரையுள்ள முட்டைகளைச் சிறுவரும் முதியவரும் கருவுற்ற மாதரும் அரைவேக்காடாகவும் உண்ணலாம் என்று அந்நாட்டு உணவுத் துறையே அறிவித்தது.

நம் காப்பிக்கடைகளில் அரைவேக்காட்டு முட்டையிற் கருப்புச் சோயாவும் வெள்ளை மிளகுத்தூளும் கலந்து உண்ணும் வழக்கம் உண்டு. வலிய உடலினர் விரும்பி உண்பதை நாம் தடுக்க வரவில்லை. ஆனால் இங்கிலாந்தின் அறிவிப்பு அந்நாட்டுச் சிங்க முத்திரை முட்டைக்கே உரியது. எல்லா முட்டைக்கும் பொருந்துவதன்று. சிறு குழந்தைக்கும், கருவுற்றவர்க்கும், முதியவர்க்கும் முட்டையை முழுதும் வேகவைத்துக் கொடுப்பதே அறிவுடைமை. முட்டையின் வெண்கரு ஏறக்குறைய 62 பாகைச் சூட்டிற் கட்டத் தொடங்கும். மஞ்சட்கரு 70 பாகையை அணுகும்போது இறுகும். முட்டை முழுவதும் 71 பாகைச் சூட்டை எட்டினாற் கிருமி அழியும். கரண்டியால் வெட்டும்போது மஞ்சட்கரு வழியாமல் இறுகியிருக்குமாயின் அதுவே குழந்தை தானே அறியத்தக்க அடையாளம்.

ஜப்பான் திருந்திய வழி

இங்கிலாந்து கண்ட தவற்றை ஜப்பானும் கண்டது. அங்கும் 1899இல் வந்த பெண்கள் உயர்பள்ளி ஆணை, நல்ல மனைவியையும் அறிவுள்ள தாயையும் உண்டாக்குவதே பெண்கல்வியின் பயன் என்னும் கொள்கையைத் தழுவி நின்றது. பெரும்போரில் ஜப்பான் தோற்றபின், 1947இற் கல்விமுறை புதிதாக அமைக்கப்பட்டது. அப்போது தொடக்கப் பள்ளியின் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் மனையியல் என்னும் புதிய பாடம் நுழைந்தது. அதன் புதுமை அதன் பொருளில் அன்று, மாணவரில் இருந்தது. ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் ஒரே அறையில், ஒரே அடுப்பின் முன் நின்று அதைக் கற்றல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது.

பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு அங்கே நெடுங்காலம் முதற் செய்முறையாக இருந்துவந்தவற்றுள் முட்டை அவித்தலும் ஒன்று. கீரை, காய்களை அவித்தல், சோறு ஆக்கல், மிசோச் சாறு வைத்தல் என்று பாடம் படிப்படியே வளர்கின்றது. பாதுகாப்பைக் கருதித் தொடக்கப் பள்ளிச் செய்முறையிற் பச்சை மீனையும் பச்சை இறைச்சியையும் கையாளலாகாது என்று பாடத்திட்டமே கூறுகின்றது. எதைக் கற்பிப்பது என்பது போலவே, எந்த வயதில் எதைக் கற்பியாமல் விடுவது என்பதும் கல்வியின் பகுதி என்பதை இவ்விதி காட்டுகின்றது.

ஆனால் பழைய வழக்கம் எளிதில் ஒழிவதன்று. 1958இல் வந்த திட்டம், நடுநிலைப் பள்ளியில் ஆண்மக்களுக்குத் தொழில்நுட்பம், பெண்மக்களுக்கு மனையியல் என்று பிரித்தது. 1973 முதல் உயர்பள்ளியில் மனையியல் பெண்மக்கள் அனைவர்க்கும் கட்டாயமாயிற்று. ஆண்மக்களுக்கு அக்கடமை இல்லை. முன் வாயிலில் வந்த சமத்துவம் பின் வாயிலில் வெளியேறியது.

இதைப் பொறாத ஆசிரியைகளும் பொதுமக்களும் 1974இல் ஓர் இயக்கமாகத் திரண்டனர். மனையியலை இருபாலாரும் சேர்ந்து கற்றல் வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. பெண்களின் வாக்குரிமைக்காக வாழ்நாள் முழுதும் உழைத்த இச்சிகாவா ஃபுசாயே அம்மையார் அதில் முன்னின்றார். அவர்கள் சமையலை வெறுத்தவரல்லர். பெண்மக்களை இப்பாடத்திலிருந்து விடுவியுங்கள் என்று கேட்டிருந்தால் அது எளிய வழி. அவர்கள் அவ்வாறு கேட்கவில்லை. ஆண்மக்களையும் உள்ளே அழையுங்கள் என்றனர். பெண்களுக்கு எதிரான வேற்றுமைகளை ஒழிக்க உலக நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையில் ஜப்பான் 1980இற் கையொப்பமிட்டு, 1985இல் அதனை உறுதி செய்தது. ஒரு பாலார்க்கு மட்டும் ஒரு பாடம் என்பது அவ்வுடன்படிக்கைக்கு ஒவ்வாதாயிற்று. 1989இற் பாடத்திட்டம் மாற்றியெழுதப்பட்டது. 1993இல் நடுநிலைப் பள்ளியிலும், 1994இல் உயர்பள்ளியிலும் இருபாலாரும் ஒரே மனையியலைக் கற்கத் தொடங்கினர். 1947இற் சிறுவர்க்குக் கிட்டிய நீதி இளைஞர்க்குக் கிட்ட நாற்பத்தேழு ஆண்டுகள் சென்றன.

சிங்கப்பூரிலும், முன்பு பெண்மக்களுக்கே உரியதாகக் கருதப்பட்ட மனையியற் பாடம், 1990களில் ஆண்மக்களுக்கும் உரியதாயிற்று.

நம் வீட்டு அடுப்படி

இனி நம்மிடம் வருவோம். 1923இல் ஐக்கிய மலாய் நாடுகளில் வந்த தொழிற்சட்டம், ஏழு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் பத்துப்பேர் உள்ள தோட்டங்களிற் பள்ளி அமைத்தல் வேண்டும் என்றது. சட்டம் பள்ளியைத் தந்தது. ஆயினும் அடுப்பறிவைப் பிள்ளைகள் பெற்றது லயத்து அடுப்படியிலேதான். தாயும் தந்தையும் விடியுமுன் பெரட்டுக்குச் செல்வர். கைக்குழந்தை ஆயாக் கொட்டகைக்குச் செல்லும். மூத்த பெண், தன் பள்ளியையும் மறந்து, விறகடுப்பின் முன் அமர்வாள். அவளை எவரும் மாணவி என்று அழைத்ததில்லை. அவள் கையிற் பட்ட சூட்டுத் தழும்புகளே அவள் பெற்ற சான்றிதழ்.

அக்காலம் சென்றது. விறகடுப்பு போய்க் கேஸ் அடுப்பும் மின் அடுப்பும் வந்தன. ஆனால் பாடமின்றி வேலை, வேலையின்றிப் பாடம் என்னும் பழைய முறை முழுதும் போயிற்றா? ஒவ்வொரு வீட்டாரும் தம் நெஞ்சைக் கேட்டுக் கொள்க.

மேற்கூறிய வரலாற்றின் பயனாக, முட்டைப் பாடத்தை நம் வீடுகளில் நடத்தும் முறையைச் சுருங்கக் கூறுவோம்.

முதலில் இடம். அடுப்பருகே தொங்கும் துணி, தாள், திரை எதுவும் இருத்தலாகாது. பிள்ளை நிற்கும் தரை ஈரமின்றி இருத்தல் வேண்டும். பாத்திரத்தின் கைப்பிடி வெளிப்புறம் நீட்டாமல் உட்புறம் திரும்பியிருத்தல் வேண்டும். கூந்தலை முடித்து, தாவணியோ துப்பட்டாவோ நீக்கி, தொளதொளத்த கைகளை மடித்து விடுக.

அடுத்து வயது. ஆறேழு வயதுப் பிள்ளை முட்டையைக் கழுவாமல் எடுத்து வைக்கவும், குளிர்ந்தபின் ஓடு உரிக்கவும், நிமிடங்களை எண்ணவும் கற்கட்டும். முட்டையை ஏன் கழுவலாகாது எனில், ஓட்டின் நுண்துளைகள் வழியே அழுக்கு நீர் உட்புகக் கூடும் என்பதால். பச்சை முட்டையைத் தொட்ட கைகளையோ உடனே சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும். பத்து வயதை எட்டியபின், பெரியவர் ஒருவர் அருகில் நிற்க, பிள்ளையே அடுப்பைப் பற்றவைக்கட்டும். அருகில் நிற்பவர் தம் கையை அடக்கி, கண்ணை மட்டும் திறந்து வைத்திருத்தல் வேண்டும்.

பின்னர்ச் செயல். முட்டையைப் பாத்திரத்தில் இட்டு, அது மூழ்கி ஒரு விரல் உயரம் நிற்கத் தண்ணீர் ஊற்றி, அதன்பின் தீயை மூட்டுக. கொதிக்கும் நீரில் முட்டையைப் போடுவதைவிட இது பிள்ளைகளுக்கு ஏற்றது, நீர் தெறிக்காது. கொதி வந்தபின் தணலைத் தாழ்த்திப் பத்து முதற் பன்னிரண்டு நிமிடம் விடுக. அடுப்பை அணைத்தபின், கொதிநீரைத் தூக்கி வடிக்கும் வேலையைப் பிள்ளைக்கு விடலாகாது. நீண்ட கரண்டியால் முட்டையை எடுத்துத் தண்ணீரில் இடட்டும். ஓட்டோடு கூடிய முட்டையை மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தலாகாது என்பதையும் அன்றே சொல்லிவிடுக. உள்ளே நீராவி அடைபட்டு அது வெடிக்கும். எண்ணெயில் முட்டை பொரிப்பது இரண்டாம் பாடம். எண்ணெய் தீப்பற்றினாற் தண்ணீர் ஊற்றலாகாது, பிள்ளை விலகி ஓடிப் பெரியவரை அழைத்தல் வேண்டும் என்பதை அப்பாடத்தின் முதல் வரியாக வைக்க.

இறுதியாக, சுட்டுவிட்டால் செய்யவேண்டுவது. பற்பசை, மை, சுண்ணாம்பு, சோயா என்று கைக்குக் கிடைத்ததைப் பூசும் பழக்கம் நம்மிடையே இன்னும் உண்டு. இவை புண்ணைக் கெடுப்பனவே. சுட்ட இடத்தைக் குழாயிலிருந்து ஒழுகும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுக. கொப்புளம் பெரிதாயினும், முகம், கை, மூட்டு ஆகியவற்றிற் பட்டாலும் தாமதமின்றி மருத்துவரை நாடுக. சுட்டுக்கொண்ட பிள்ளையை அடித்தலும் ஏசுதலும் கூடாது. ஏச்சுக்கு அஞ்சும் பிள்ளை அடுத்த முறை காயத்தை மறைக்கும். மறைத்த காயமே உயிருக்கு உலை வைப்பது.

இவை யாவும் மகனுக்கும் மகளுக்கும் ஒன்றே. மகளுக்குக் கற்பித்துவிட்டு மகனை விடுவித்தால், லண்டன் 1882இற் செய்த பிழையை நாம் இன்றும் செய்தவராவோம். மகனைக் காப்பதாக எண்ணி அவனைத் தீயினின்று விலக்கி வைத்தால், வேலை தேடி அயலூர் சென்று தனியறையில் வாழும் நாளில், கற்றுக் கொடுப்பாரும் காப்பாரும் இல்லாத இடத்தில், அவன் முதன்முறையாக அடுப்பைத் தொடுவான். அதுவன்றோ ஆபத்து?

தன் உணவைத் தானே ஆக்க அறிந்தவன் பிறரை அடிமை கொள்ள நினையான். அறிந்தவளைப் பிறர் அடிமை கொள்ளவும் இயலாது. வருகின்ற ஞாயிற்றுக்கிழமை நும் இல்லத்தில் ஒரு முட்டையும் ஒரு பாத்திரமும் எடுத்து வைத்து, மகனையும் மகளையும் ஒருங்கே அழையுங்கள். ஒரு நூற்றாண்டு வரலாறு கற்பித்ததை இருபது நிமிடத்தில் அவர்களுக்குக் கொடுத்துவிடலாம்.